ஆணியில் தொங்கிய முளை

பெரிய டிரைவரும் அவருடைய தங்கை புருஷனும் முகம் பார்த்துப் பேசி நான்கு மாதம் ஆகியிருந்தது. ஒரே நூல் மில், ஒரே என்ஜின் அறை. காலை ஆறிலிருந்து இரண்டு மணி வரை பெரிய டிரைவர். இரண்டிலிருந்து பத்து வரை மாப்பிள்ளை. ஓடிக்கொண்டிருக்கும் நீராவி என்ஜினை ஒருவர் விட, இன்னொருவர் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த அறையின் வாசலில் இரண்டு பேர் தாராளமாக ஒதுங்கிப் போகலாம். ஆனாலும் மச்சான் படியிறங்கிப் போகும்வரை மாப்பிள்ளை கரிக்குவியல் பக்கம் திரும்பி நின்று எதையோ ஆராய்ந்துகொண்டிருப்பார். கரியில் ஆராய என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

காரணம் அற்பம். மில்லுக்கு இன்னொரு என்ஜின் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டது. அதை மாப்பிள்ளையிடம் முழுப் பொறுப்பாக ஒப்படைக்கலாமா என்று மேனேஜர் பெரிய டிரைவரைக் கேட்டார். “இன்னும் ஒரு வருஷம் போகட்டும்” என்றார் இவர். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அவருடைய இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் சுருங்கிக் கிடக்கும். அவசரப்பட்டு என்ஜினை ஏற்றுக்கொண்ட இளவயதில் ஆவி அடித்தது. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே சொன்ன வார்த்தை அது. சாயங்காலத்துக்குள் அது கண், காது, மூக்கெல்லாம் வைத்துக்கொண்டு மாப்பிள்ளை காதுக்குப் போய்ச் சேர்ந்தது. அன்றோடு சரி.

பெரிய டிரைவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. தாயும் தகப்பனும் போனபிறகு தங்கையை வளர்த்து ஆளாக்குவதிலேயே வயது போய்விட்டது. தன்னிடம் எண்ணெய்க் குவளை தூக்க வந்தவரையே பார்த்துப் பிடித்துத் தங்கையைக் கட்டிக் கொடுத்தார். மில் குடியிருப்பில் பக்கத்துப் பக்கத்துச் சந்து. மதியம் பன்னிரண்டு மணிக்குத் தங்கைதான் அவருக்குச் சாப்பாட்டு டப்பாவை என்ஜின் அறைக்குக் கொண்டுவருவாள். அந்த நான்கு மாதமும் டப்பாவோடு சேதியும் சுமந்தாள்.

“மூணாவது பேரிங் சூடாகுது, கெட்டி எண்ணெய் போடச் சொல்லு” என்பார் அண்ணன்.

அவள் வீட்டுக்குப் போய், “மூணாவது என்னமோ காயுதாம். கெட்டியா என்னமோ ஊத்தணுமாம்” என்பாள் புருஷனிடம்.

“தெரியும்னு சொல்லு” என்பார் அவர். அந்தத் “தெரியும்” மறுநாள் மதியம் டப்பாவோடு வந்து சேரும். இரண்டு முரடர்களுக்கு நடுவில் அந்தப் பெண்ணின் பாடு பெரும்பாடு. பழைய பச்சை ஜன்னல் திரை ஒன்றை இரண்டாகக் கிழித்து, ஓரத்தைச் சிவப்பு நூலால் மடித்துத் தைத்து, ஆளுக்கு ஒன்றாக எண்ணெய்த் துணி கொடுத்தாள். “ஒரே திரை, ரெண்டே துண்டு. இதுக்கும் சண்டை போட்டுடாதீங்கன்னு அளந்து கிழிச்சிருக்கேன்” என்றாள். பெரிய டிரைவர் சிரித்துவிட்டார். மாப்பிள்ளையும் சிரித்தாராம். அதையும் அவள்தான் வந்து சொன்னாள்.

இனி கவர்னர் என்கிற பொறியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்ஜினின் தலைமாட்டில் நிமிர்ந்த தண்டு ஒன்று சுழலும். அதில் இரண்டு கைகள், கைக்கொன்றாக இரும்புக் குண்டு. என்ஜின் வேகமாக ஓடினால் குண்டுகள் அகன்று மேலே எழும். எழும்போது ஆவி வரும் வழியைக் குறுக்கிவிடும். என்ஜின் தளர்ந்தால் குண்டுகள் தாழும். ஆவி தாராளமாக வரும். யாரும் தொட வேண்டாம், யாரும் சொல்ல வேண்டாம், தானே நடக்கும். முந்நூறு பேர் நூற்கிற நூல் அறாமல் வருவது அந்த இரண்டு குண்டுகளின் தயவு.

ஆனால் அந்தத் தண்டைச் சுழற்றுவது ஒரு தோல் பெல்ட். பெல்ட் அறுந்தால் குண்டுகள் அடியோடு விழுந்துவிடும். என்ஜின் நின்றுபோயிற்று என்று கவர்னர் நினைத்துக்கொண்டு ஆவியை முழுக்கத் திறந்துவிடும். என்ஜின் தறிகெட்டு ஓடி, அதன் பெரிய சக்கரம் வெடிக்கும். அதற்காகத்தான் ஒரு காப்பு வைத்திருந்தார்கள். குண்டுகள் ஓர் அளவுக்குக் கீழே விழுந்தால் ஆவி சட்டென்று அடைபட்டுவிடும். இதிலும் ஒரு சங்கடம். காலையில் என்ஜினைக் கிளப்பும்போது குண்டுகள் விழுந்துதானே கிடக்கும்? அப்போது காப்பு குறுக்கே நிற்காதபடி விரல் நீள இரும்பு முளை ஒன்றைச் சொருகுவார்கள். வேகம் பிடித்ததும் முளையை உருவிக் கதவோரத்துச் சுவரில் இருக்கும் ஆணியில் மாட்டிவிட வேண்டும். மில்லின் பழக்கம் அது. வேலைக்கு வருகிறவர் உள்ளே நுழைந்ததும் முதலில் ஆணியைப் பார்ப்பார். ஆணியில் முளை தொங்கினால் கவலை இல்லாமல் நடமாடலாம்.

அந்த மாதம் பெல்ட்டுக்கு வயசாகிவிட்டது. எண்ணெய் குடித்துத் தொளதொளவென்று ஆகி வழுக்கியது. வழுக்கும்போதெல்லாம் குண்டுகள் விழும், காப்பு அடைக்கும், மில் மொத்தமும் நிற்கும், முந்நூறு பேரின் நூலும் அறும். ஒரே நாளில் நான்கு முறை இப்படி ஆனது. மேனேஜர் கழுத்து நரம்பு புடைக்க வந்து நின்றார்.

“புது பெல்ட் வர்ற வரைக்கும் முளையை உள்ளேயே விட்டு வைங்க. நீங்க பார்த்துக்க மாட்டீங்களா?”

“சோதனைக்கு ஆபீசர் வந்தா, ஆணி ஏன் காலியா இருக்குன்னு கேப்பாருங்க.”

“அதுல வேற எதையாவது மாட்டுங்க. இதெல்லாம் நான் சொல்லித் தரணுமா?”

 மறுநாள் காலை என்ஜினைக் கிளப்பியதும் பெரிய டிரைவர் முளையை உருவாமல் விட்டுவிட்டு, சாமான் பெட்டியைக் குடைந்து, தேய்ந்துபோய்த் தூக்கிப் போட்ட பழைய முளை ஒன்றைக் கண்டுபிடித்து ஆணியில் மாட்டினார். நல்ல முளை கவர்னருக்குள் இருந்தது. பெல்ட் அறுந்தால் ஆவியைக் கையால்தான் அடைக்க வேண்டும் என்பதால், அன்று காலை முழுக்க அவர் ஆவி வால்வை விட்டு நான்கு அடி நகரவில்லை.

மதியம் தங்கை டப்பாவோடு வந்தாள். அவள் கையைப் பிடித்து வாசலுக்கு வெளியே கூட்டிப்போய்ச் சொன்னார்.

“இதை மட்டும் மறக்காம சொல்லிடு. ஆணியில தொங்கறதை நம்ப வேண்டாம்னு சொல்லு. அவருக்குப் புரியும்.”

“நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் தபால்காரியா? ரெண்டு மணிக்கு வரத்தானே போறாரு? வாசல்ல நின்னு நீயே சொல்லேன். வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கே?”

“நீ சொல்லும்மா.”

அவள் முணுமுணுத்துக்கொண்டே போனாள். போகும்போது தலையை ஆட்டினாளா இல்லையா என்று பின்னால் எத்தனையோ முறை யோசித்துப் பார்த்தார், நினைவுக்கு வரவில்லை.

இரண்டு மணிக்கு மாப்பிள்ளை வந்தார். வழக்கம்போல் கரிக்குவியலைப் பார்த்து நின்றார். பெரிய டிரைவர் பச்சைத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு படியில் ஒரு கணம் நின்றார். தொண்டை வரை வந்தது. தங்கை சொல்லியிருப்பாள், நான் ஏன் இறங்கிப் போக வேண்டும் என்று தோன்றியது. இறங்கி நடந்தார். முதுகுக்குப் பின்னால் மாப்பிள்ளை தொண்டையைக் கனைத்தார். கேலிக்குத்தான் கனைக்கிறான் என்று இவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நடையை எட்டிப் போட்டார்.

மூன்றரை மணிக்கு வீட்டில் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து முகத்தை மழித்துக்கொண்டிருந்தார். சந்தில் எந்த வீட்டிலும் என்ஜினின் துடிப்பு கேட்கும். அது கேட்பதே யாருக்கும் தெரியாது, நின்றால்தான் தெரியும். அன்றைக்கு நிற்கவில்லை. ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு விரைந்தது. கத்தி கையிலிருந்து விழுந்தது. பாதி முகத்தில் சோப்பு நுரையோடு தெருவில் ஓடினார். “வால்வை மூடு, வால்வை மூடு” என்று கத்திக்கொண்டே ஓடினார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். மில் வாசலுக்கு ஐம்பது அடி இருக்கும்போது பெரிய சக்கரம் வெடித்துக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது.

மாப்பிள்ளை ஓடிப் போகவில்லை. வால்வின் மேலேயே உயிரில்லாமல் கிடந்தார். அறையின் மறுகோடியில், மூன்றாவது பேரிங்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தவர் பெல்ட் அறுந்த சத்தம் கேட்டு அங்கிருந்து ஓடி வந்திருக்கிறார். வால்வை முக்கால்வாசி மூடியும் இருந்தார். இன்னும் மூன்று சுற்று பாக்கி. மணிக்கட்டில் பச்சைத் துணி சுற்றியிருந்தது. ஆணி இருந்த சுவரே இல்லை.

மறுநாள் விசாரணை அதிகாரி வந்து இடிபாட்டைக் கிளறினார். கவர்னருக்குள் முளை சொருகியபடி இருந்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

“காலையில நீங்க இதை உருவினீங்களா?” என்று கேட்டார்.

மேனேஜர் பெரிய டிரைவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.  பெரிய டிரைவரின் தாடையில் முந்தின நாள் மழிக்காத பாதி இன்னும் அப்படியே இருந்தது.

“உருவி ஆணியில மாட்டினேன்” என்றார்.

பாய்லர்காரர், கரித்தூளில் ஓயாமல் தும்முவதால் எல்லோருக்கும் ‘தும்மல்’, அவரும் சாட்சி சொன்னார். “ஆமாங்க, ஆணியில முளை தொங்கிச்சு. மத்தியானம் நானே என் கண்ணால பார்த்தேன்.” பாவம், அவர் பார்த்தது உண்மைதான்.

அவ்வளவுதான். ஆணியில் தொங்கிய முளை பிறகு கவர்னருக்குள் எப்படிப் போகும்? மாப்பிள்ளைதான் சொருகியிருக்க வேண்டும். பெல்ட் வழுக்கி என்ஜின் நிற்கிற தொல்லை வேண்டாம் என்று முளையைச் சொருகிவிட்டு, வால்வுப் பக்கம் நிற்காமல் எங்கேயோ போயிருக்கிறார். தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் பேசிக்கொண்டார்கள்: “அந்த ஆளோட சோம்பேறித்தனம், இன்னும் நாலு பேர் சாகாம இருந்தது பெரிசு.” செத்தவரால் திரும்பிப் பேச முடியாது. அதுதான் எல்லோருக்கும் சௌகரியமாகப் போயிற்று; எல்லோரையும்விட பெரிய டிரைவருக்கு.

ஆனால் தங்கை அழவில்லை. அதுதான் அவரால் தாங்க முடியாமல் போனது. அவள் செத்தவரைத் திட்டினாள். சட்டையை மடித்துக்கொண்டே திட்டினாள், பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டே திட்டினாள். “கதவைத் திறந்தா சாத்த மாட்டாரு. விளக்கை ஏத்தினா அணைக்க மாட்டாரு. எதையும் அரைகுறையா விட்டுட்டுப் போற ஆளு. உயிரையும் அப்படியே விட்டுட்டுப் போயிட்டாரே.” பதினேழாம் நாள் பெரிய டிரைவர் அவள் வீட்டில் உட்கார்ந்திருந்தார். அவள் புருஷனின் செருப்பைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். திரும்பி அண்ணனைப் பார்த்துச் சொன்னாள்.

“நீ சொன்னதுதான் சரி அண்ணே. ‘இன்னும் ஒரு வருஷம் போகட்டும்’னு சொன்னியே. உனக்குத் தெரிஞ்சிருக்கு. நான்தான் அவருக்காக உன்மேல கோவப்பட்டேன்.”

அவர் எழுந்து வெளியே வந்துவிட்டார். சந்து முனை வரை கால்கள் கொண்டுபோயின. அங்கே சுவரில் கையை ஊன்றி நின்றார். உயிரைக் கொடுத்து வால்வை மூடப்போன மனிதரைக் கட்டின பெண்டாட்டியே கரித்துக்கொட்ட வைத்தாயிற்று. இதற்குமேல் என்ன செய்ய பாக்கி இருக்கிறது என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

மறுநாள் மில் ஆபீசில் கடைசி விசாரணை. முடிவைப் படித்துச் சொல்வதற்காகத் தங்கையையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவள் கதவருகே சுவரோடு ஒட்டி நின்றாள். அதிகாரி காகிதத்தைக் கையில் எடுத்ததும் பெரிய டிரைவர் எழுந்தார்.

“அய்யா, அதைப் படிக்காதீங்க. முளையைச் சொருகினது நான். காலையில உருவவே இல்லை. ஆணியில தொங்கினது பழைய முளை. கண்துடைப்புக்கு நான் மாட்டினது. மாப்பிள்ளை அதைப் பார்த்துட்டு நம்பிட்டாரு. அவர் மேல ஒரு குத்தமும் இல்லை. மேனேஜர் அய்யா சொல்லித்தான் செஞ்சேன். ஆனா செஞ்ச கை என்னுது.”

“நான் அப்படிச் சொல்லவே இல்லை” என்றார் மேனேஜர், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

பெரிய டிரைவர் அவரோடு மல்லுக்கு நிற்கவில்லை. அதிகாரி பேனாவை மூடாமல் கேட்டார்: “முளை உள்ளே இருக்குன்னு அடுத்த ஷிப்டுக்குச் சொன்னீங்களா? யார்கிட்டயாவது சொல்லி அனுப்பினீங்களா?”

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பதினெட்டு நாளாக ஒரு விஷயத்தை நினைத்துக்கூடப் பார்க்காமல் தள்ளி வைத்திருந்தார். சேதி போய்ச் சேர்ந்திருந்தால் மாப்பிள்ளை மூன்றாவது பேரிங்குக்குப் போயிருக்க மாட்டார். கதவருகே தங்கையின் கை, தான் பற்றியிருந்த துணிப்பையின் காதை முறுக்கியது.

“இல்லீங்க” என்றார். “யார்கிட்டயும் சொல்லலை.”

சாயங்காலம் தங்கை அவர் அறைக்கு வந்தாள். வெளிச்சம் இன்னும் இருந்தது. அவர் வேலை போனவர். கட்டிலில் சும்மா உட்கார்ந்திருந்தார். அவள் உட்காரவில்லை.

“அன்னிக்கு நீ என்கிட்ட ஒண்ணு சொல்லி அனுப்பினே” என்றாள். “ஆணியில தொங்கறதை நம்ப வேண்டாம்னு. ஆபீசுல நீ ஆணின்னு சொன்னதும்தான் ஞாபகம் வந்துச்சு. நான் அதை அவர்கிட்ட சொல்லலை அண்ணே. அன்னிக்கு மறந்து போகலை, வேணும்னேதான் சொல்லலை. நான் சொல்லாட்டி நீங்களே வாயைத் திறப்பீங்கன்னு பார்த்தேன். ஆணியில எது தொங்கிச்சு? எதைச் சொன்னே நீ?”

அவள் உதடு நடுங்கியது. குழந்தையில் காய்ச்சல் வந்தால் இப்படித்தான் நடுங்கும்.

“அதுவா?” என்றார் அவர். “அது துணிம்மா. என் துணி, நீ கிழிச்சுக் குடுத்தியே, பச்சை. அதை ஆணியில மாட்டிட்டு வந்தேன். அதுல மண்ணு ஒட்டியிருந்துச்சு. அதை எடுத்து பேரிங்கைத் துடைச்சா கீறல் விழும், எண்ணெய் நிக்காது. அதான் நம்பித் துடைக்க வேண்டாம்னு சொன்னேன்.”

பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர்; தொழில் பேச்சு என்பதால் தடங்கலில்லாமல் வந்தது. அவள் நெஞ்சிலிருந்து மூச்சு நீளமாக இறங்கியது.

“அப்ப நான் சொல்லாததால ஒண்ணும் இல்லை?”

“ஒண்ணும் இல்லை. நீ சொல்லியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.”

“அப்ப நீ மட்டும்தான்.”

“நான் மட்டும்தான்.”

“அவர் பேரைக் கெடுத்து, பதினெட்டு நாள் என்னை அவரைத் திட்ட வச்சுட்டு, என் வீட்டுலயே வந்து உக்கார்ந்திருந்தே. இனிமே என் வாசப்படி மிதிக்காதே.”

அவர் தலையை ஆட்டினார். வலிக்கத்தான் செய்தது, ஆனால் அந்த வலியைச் சுமக்க வேண்டிய ஆள் அவர்தான், அவள் இல்லை என்பதில் ஒரு நிம்மதியும் இருந்தது. அவள் திரும்பி வாசலுக்குப் போனாள். அறையின் குறுக்கே துணி காயப்போடும் கயிறு ஒன்று தாழ்வாகக் கட்டியிருக்கும். குனியாமல் போனாள். ஏதோ நெற்றியில் பட்டது. கையால் விலக்கப் போனவள் அதைப் பிடித்தபடி நின்றுவிட்டாள்.

பச்சைத் துணி. ஓரத்தில் அவள் தைத்த சிவப்பு நூல். இன்னொரு பாதி மாப்பிள்ளையின் மணிக்கட்டோடு வீட்டுக்கு வந்து அவள் பெட்டியில் இருந்தது. ஒரே திரை, இரண்டே துண்டு. ஆணி இருந்த சுவர் அன்றைக்கே இடிந்து தூளாகிவிட்டது.

“அண்ணே,” என்றாள், திரும்பாமல். “துணி இங்கேயே இருக்கே.”

அவர் கட்டிலிலிருந்து எழுந்தார்.  அதே ஆணியில் இரண்டாவது தடவையும் ஒரு பொய்யை மாட்டியிருந்தார். முதல் தடவை பார்த்தவர் நம்பினார். இவள் நம்பவில்லை.

அவள் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்தாள். துணியை மடியில் வைத்துக்கொண்டாள். பதினெட்டு நாளில் முதல் தடவையாக அழுதாள். அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார், அவள் அவரைப் போகச் சொல்லவில்லை. அது அவருடைய வீடுதான் என்பது இருவருக்கும் மறந்துபோயிருந்தது.

“உன்மேல தப்பில்லைம்மா. நான் படியில நின்னேன். ஒரு வார்த்தை. வாயில வந்துச்சு. நானே சொல்லியிருக்கணும்.”

“நான் அவரைச் சும்மா அனுப்பலை அண்ணே” என்றாள் அவள், மூக்கைத் துடைத்துக்கொண்டு. “சாப்பாடு போடும்போது சொன்னேன். ‘அண்ணனுக்கு உங்ககிட்ட என்னமோ சொல்லணுமாம், நான் சொல்ல மாட்டேன், நீங்களே கேட்டுக்குங்க’ன்னேன். சாப்பிட்டுட்டுக் கையைக் கழுவினார். அப்புறம், ‘சரி, இன்னிக்கு நானே கேக்கறேன்’னாரு. செருப்பை மாட்டும்போது மறுபடியும் சொன்னார், ‘கேக்கறேன்’னு. கேட்டாரா அண்ணே?”

பெரிய டிரைவர் தன் தோல் சுருங்கிய கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார். கரிக்குவியல், படி, முதுகுக்குப் பின்னால் அந்தச் சத்தம் எல்லாம் அப்படியே வந்து நின்றன.

“கனைச்சாரு” என்றார். “நான் நிக்கலை.”